கை நீட்டச் சொல்லுமுன்

"உடம்பு என்னுடையது, பிள்ளை நான் பெற்ற பிள்ளை. ஊசி வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?" என்று, காசிமேட்டுக் கடற்கரையிலே மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தாய் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பகுத்தறிவாளர் என்று பெருமிதத்தோடு கூறிக்கொள்ளும் நாம் அவளுக்கு என்ன விடையளிப்போம்? 'அறியாதவள், அம்மனையும் வேப்பிலையையும் நம்பிக் கிடப்பவள், இவளோடு என்ன பேச்சு!' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிது. எளிதென்பதாலேயே பலர் அதைச் செய்கிறார்கள். ஆனால் அவள் கேட்டது அறியாமையின் கேள்வி அன்று. 1905ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு உச்சநீதிமன்றமும், 2022ஆம் ஆண்டிலே இந்திய உச்சநீதிமன்றமும் ஏடு ஏடாகப் புரட்டி ஆராய்ந்த கேள்வி அது. கூடை சுமப்பவள் கேட்டால் குறும்பு, கோட்டு அணிந்தவர் கேட்டால் கோட்பாடா?

உடலுக்கு எல்லை உண்டு. மூச்சுக்கு எல்லை ஏது? மதில் சூழ்ந்த மாளிகையிலே, மரம் செறிந்த தோட்டத்தின் நடுவே வாழ்பவர், 'என் உடல், என் உரிமை' என்று சொல்லும்போது அதிலே ஓரளவு உண்மை இருக்கலாம். இராயபுரத்துச் சந்துகளின் கதை வேறு. பத்தடிக்குப் பத்தடி அறை. அதிலே பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் மூவர், வேலை தேடி ஊரிலிருந்து வந்து ஒண்டிக்கொண்ட உறவினன் ஒருவன். ஒரு சுவருக்கு இரு குடும்பம். ஒரு குழாய்க்கு ஒரு தெரு. துறைமுகத்திலே மூட்டை சுமந்தவனும், திருவொற்றியூர் ஆலையிலே வெந்தவனும், எண்ணூர்க் கழிமுகத்திலே வலை வீசியவனும் இரவிலே விடும் மூச்சு, விடியுமுன் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சாகிறது. 2020ஆம் ஆண்டு கொரோனாவின் முதல் அலை எழுந்தபோது, சென்னை மாநகராட்சி மண்டலங்களிலே நோயாளர் எண்ணிக்கையில் இராயபுரம் வாரக்கணக்கில் முன்னே நின்றது. 'ஆறடி தள்ளி நில்லுங்கள்' என்று ஓயாமல் அறிவுறுத்தினர். எங்கே தள்ளி நிற்பது? சுவருக்குள்ளேயா?

ஆகவே இந்த வழக்கு, ஒரு தாய்க்கும் அரசுக்கும் இடையே மட்டும் நடப்பதன்று. தாய்க்கும் தாய்க்கும் இடையே நடப்பது. 'என் பிள்ளைக்கு ஊசி வேண்டாம்' என்று ஒருத்தி சொல்லும் அதே உரிமையோடு, 'உன் பிள்ளையின் நோய் என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று அடுத்த வீட்டுக்காரியும் சொல்லலாமே! இருவரும் தாய்மார், இருவரும் ஏழைகள். யார் பக்கம் நிற்பது?

இந்த வழக்கைத் தீர்த்துவைக்க ஆட்சிப்பொறுப்பிலே இருந்தவர்கள் காலந்தோறும் குறுக்கு வழிகளைத் தேடியிருக்கின்றனர். அவற்றுள் மென்மையானது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவர் நாம் மதித்துப் போற்றும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை. சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், கல்வெட்டிலே தம்மை 'எல்லீசன்' என்று தமிழாக்கிப் பொறித்துக்கொண்டவர். தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816இலேயே எடுத்துக்காட்டியவர். குறளுக்கு உரை கண்டவர். நகரத்திலே தண்ணீர்ப் பஞ்சம் தலைகாட்டியபோது, 1818இல், கிணறுகள் வெட்டுவித்தவர். அவர் காலத்திலே, ஜென்னர் 1796இல் கண்டறிந்த பசுவம்மைத் தடுப்பு சென்னைப் பக்கம் பரவத் தொடங்கியிருந்தது. பெரியம்மையைத் 'தாய்' என்று அழைத்துக் கும்பிட்ட மக்கள், மாட்டின் புண்ணிலிருந்து எடுத்த பாலைக் கையிலே கீற அஞ்சினர். எல்லீசர் பார்த்தார்; ஒரு கதை கட்டினார். பசு வழியே கிடைத்த இந்த மருந்து தெய்வமே மனமிரங்கி அருளிய வரம் என்று, புராணத்தின் சாயலிலே ஒரு புனைவு!

நோக்கம் தூயது, ஐயமில்லை. தீமை இல்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையிலே வைக்கலாம் என்று குறள் இடம் தருகிறதே என்றுகூட அந்தக் குறளன்பர் எண்ணியிருக்கலாம். ஆனால் தீமை இல்லையா? தெய்வம் சொல்லிற்று என்பதற்காகக் கையை நீட்டியவன், நாளைக்கே வேறொரு பூசாரி, 'தெய்வம் வேண்டாமென்கிறது' என்றால் கையை மடக்கிக்கொள்வான். புண் ஆறிற்று, பயம் ஆறவில்லை. வேப்பிலையை எடுக்காமல் அதன் மேலேயே ஊசியைச் செருகிய வேலை அது. அதோடு இன்னொன்று. ஒருவனிடம் பொய் சொல்லி அவனுக்கு நன்மை செய்பவன், 'உனக்கு உண்மையைத் தாங்கும் அறிவில்லை' என்று அவனைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறான். அந்த முடிவைத்தானே, கோயில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் நின்றுகொண்டு, பலர் பலரைப் பற்றி நூற்றாண்டுக்கணக்கிலே சொல்லிவந்தனர்!

மற்றொரு வழி தடி. 'அம்மை குத்துபவர் வருகிறார்' என்ற குரல் கேட்டதும் பிள்ளைகளைப் பரணிலும் குதிருக்குப் பின்னாலும் ஒளித்துவைத்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அந்த அச்சத்துக்குப் பின்னே சட்டம் நின்றது. சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் பிறந்தது. இந்தியாவிலேயே அத்தகைய முழுமையான சட்டம் அதுவே முதலாவது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. தொற்றுநோயாளி இருக்கும் வீட்டுக்குள் நுழையவும், அவரை மருத்துவமனைக்கு அகற்றவும், தடுப்பு ஏற்கும்படி கட்டளையிடவும் அதிலே வழி உண்டு.

தடி என்றவுடன் வெகுண்டெழுவது இளைஞர்க்கு இயல்பு. வெகுளுமுன் தண்டையார்பேட்டைக்கு ஒருமுறை சென்றுவருவோம். அங்கேயுள்ள தொற்றுநோய் மருத்துவமனையிலே, பெரியம்மை கண்டவர்களை ஆயிரக்கணக்கிலே பார்த்தவர் மருத்துவர் ஏ. ஆர். ராவ். அவரும் அவருடைய துணைவர்களும், பெரியம்மை புகுந்த 254 குடும்பங்களைத் தேடிச்சென்று, அந்த வீடுகளிலே உடன் வாழ்ந்தவர்களிலே யாருக்கு நோய் தொற்றிற்று, யாருக்குத் தொற்றவில்லை என்று கணக்கெடுத்து 1968இல் வெளியிட்டனர். முன்பே தடுப்பு பெற்றிருந்தவர்களிலே நோய் கண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். தடுப்பு பெறாதவர்களிலே நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர்! அதே கூரை, அதே பாய், அதே கஞ்சி. வேறுபாடு கையிலே இருந்த தழும்பு மட்டுமே. தடுப்பில்லாதவரைப் பற்றினால் மூவரில் ஒருவரைக் கொண்டுபோகும் நோய் அது. தப்பியவர்களிலே பலர் முகத்தையோ கண்ணையோ இழந்தனர். இந்தியாவிலே அதன் கடைசி நோயாளி 1975இல். உலகமே அதிலிருந்து விடுபட்டது என்று 1980இல் அறிவிக்கப்பட்டது. எந்தத் தாயும் இன்று மாரியம்மனுக்கு அந்த நோயின் பெயரால் கூழ் ஊற்ற வேண்டியதில்லை.

இங்கே நாம் தயங்காமல் சொல்வோம்: இந்த வழக்கிலே அடுத்த வீட்டுத் தாயே வெல்கிறாள். சான்று அத்தனை தெளிவு; தீங்கு அத்தனை பெரிது; அது பரவும் வேகம் அத்தனை கொடிது. ஒருவன் தன் வீட்டுக்குத் தீயிட்டுக்கொள்ள உரிமை கோரலாம். ஓலைக் குடிசைகள் வரிசையாய் நிற்கும் தெருவிலே கோரலாகாது.

ஆனால் ஒரு நோய்க்குப் பொருந்திய வாதத்தை எல்லா ஊசிக்கும் இழுத்துப் போர்த்தலாமா? போர்த்தினர். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி மருந்தைச் செய்யும் கூடம் 1948இல் கிண்டியிலே தொடங்கப்பட்டது. ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக இயக்கம் நடந்தது. அதை எதிர்த்து ஒரு குரல் எழுந்தது. 1955இல் சிறு நூலாகவே வெளிவந்தது. எழுதியவர் ஆச்சாரியார்! ஆம், இராஜாஜிதான். 1939ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் எந்த அமைச்சரவையின் காலத்திலே வந்ததோ, அந்த அமைச்சரவையின் தலைவர். 1954இல், குலக்கல்வித் திட்டம் மூட்டிய எதிர்ப்புக்கிடையே பதவியை விட்டு இறங்கியவர். அவர் சொன்னார் என்பதாலேயே அது பிற்போக்கு என்று முத்திரை குத்திவிட நம்மவர் கை துடிக்கும். கொஞ்சம் பொறுப்போம். சொன்னவர் யார் என்று பார்த்து, சொன்னதற்குத் தீர்ப்பு எழுதுவது சனாதனியின் முறை.

அவர் எழுப்பிய ஐயம் இது: நலமாயுள்ள குழந்தைகளின் உடலிலே உயிருள்ள கிருமியைச் செலுத்துகிறீர்கள், இலட்சக்கணக்கிலே செலுத்துகிறீர்கள், இதனால் காசநோய் தடுக்கப்படும் என்பதற்குப் போதிய சான்று எங்கே? கேள்வி நியாயமானது. மறு ஆண்டே, 1956இல், பிரிட்டனிலிருந்து ஒரு விடை வந்தது. அங்கே பள்ளிப்பருவம் முடியும் பிள்ளைகளிடையே நடந்த சோதனையிலே, ஊசி பெற்றவர்களுக்கு நோய் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு குறைந்தது. 'ஆச்சாரியார் தோற்றார்' என்று கொட்டு முழக்கியிருக்கலாம். ஆனால் இலண்டன் பிள்ளைக்குப் பொருந்தியது எண்ணூர்ப் பிள்ளைக்கும் பொருந்துமா என்று கேட்டவர்கள் இருந்தனர். அவர்கள்தாம் உண்மையான ஆய்வாளர்கள். திருவொற்றியூரும் எண்ணூரும் அந்நாளிலே அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்திலே, 1968இல் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே மாபெரும் சோதனை நடந்தது. சிலருக்குப் பி.சி.ஜி.; சிலருக்கு வெறும் நீர்மம்; யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, ஏற்றவருக்கும் தெரியாது. 1979இல் முடிவு வெளிவந்தது. பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் ஆற்றல் அந்த ஊசியிலே தென்படவில்லை!

நினைத்துப் பாருங்கள். அரசின் ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் கைகோத்து நடத்திய சோதனை, ஆண்டுக்கணக்கான உழைப்பு, ஊசி வெல்லும் என்ற எதிர்பார்ப்பு. வெல்லவில்லை என்று தெரிந்ததும் மறைத்தார்களா? அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தார்கள். 'எங்கள் மந்திரம் பலிக்கவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்ட பூசாரி ஒருவரை யாரேனும் காட்ட முடியுமா?

அப்படியானால் ஆச்சாரியார் சொன்னதே சரியா? கேள்வி சரி. சான்று வருமுன்பே அவர் கட்டிக்கொண்ட முடிவு சரியன்று. அதே ஊசி, பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்தும், உடலெங்கும் தூவினாற்போல் பரவும் காசநோயிலிருந்தும் காக்கிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. அதனால்தான் இன்றும் இராயபுரம் மகப்பேறு மருத்துவமனையிலே பிறக்கும் குழந்தைக்குப் பிறந்தவுடன் அது போடப்படுகிறது. பெரியவர்க்குப் பயன்படாதது பிள்ளைக்குப் பயன்படுகிறது. 'ஊசி நல்லதா, கெட்டதா?' என்று ஒரே மூச்சிலே கேட்பவர்க்கு விடை கிடையாது. 'எந்த ஊசி, யாருக்கு, எந்த நோய்க்கு?' என்று கேட்பவர்க்கே விடை உண்டு.

காசநோயின் கதையிலே இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்துத் தொலைவிலுள்ள மருத்துவ விடுதியிலே வைக்காவிட்டால் குடும்பமே அழியும் என்று ஒரு காலத்திலே மருத்துவ உலகம் நம்பிற்று. ஏழைக்கு இது இரட்டைத் தண்டனை. நோயும் அவனுக்கு, நாடு கடத்தலும் அவனுக்கு. 1956இல் சென்னையிலே அமைந்த காசநோய் மருந்து ஆய்வு மையம், நகரத்து ஏழை நோயாளிகளிலே ஒரு பகுதியினரை விடுதியிலும் ஒரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வந்த முடிவு: வீட்டிலே மருந்துண்டவரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர், அவர்தம் குடும்பத்தாருக்குக் கூடுதல் தீங்கும் நேரவில்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறிற்று. கட்டாயம் தேவை என்று எல்லோரும் தலையசைத்த இடத்திலே, அது தேவையே இல்லை என்று காட்டியது சென்னைக் குடிசைகளின் கணக்கு.

இனிக் கசப்பான ஒன்றுக்கு வருவோம். 2008 ஏப்ரலில், திருவள்ளூர் மாவட்டத்திலே, தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. நான்கு தொட்டில்கள்! தமிழ்நாட்டரசு, ஊர்தோறும் சென்று ஊசி போடும் முறையை நிறுத்தி, மருத்துவர் உள்ள சுகாதார நிலையங்களிலே மட்டும் போடும்படி மாற்றியது. தட்டம்மை ஊசி உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்திருக்கிறது. அதை நாம் அறிவோம். ஆனால் அந்த நான்கு தாய்மாரிடம் சென்று, 'கோடியிலே நான்கு எம்மாத்திரம்?' என்று கணக்குப் பாடம் நடத்துபவன் அறிவாளி அல்லன், கல். பொதுநலத்துக்காகத் தன் பிள்ளையின் கையை நீட்டியவளுக்குப் பொதுமக்கள் கடன்பட்டவர்கள். என்ன நடந்தது என்று அவள் மொழியிலே அவளிடம் சொல்வதும், அவள் இழப்பிலே பங்கேற்பதும் அந்தக் கடனின் முதல் தவணை.

அந்தக் கடனை நம் ஆட்சியாளர் எப்படிப் பார்க்கின்றனர்? 2021 நவம்பரிலே, கொரோனாத் தடுப்பூசி போடாதவர் கடைவீதி, திரையரங்கு முதலிய பொது இடங்களுக்கு வரலாகாது என்று தமிழ்நாட்டிலே ஆணை பிறந்தது. 2022 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒருவரையும் வலிந்து ஊசி ஏற்கச் செய்ய முடியாது, பொதுநலத்துக்காக அரசு வரம்பு விதிக்கலாம், ஆயின் அது அளவோடு இருக்கவேண்டும், ஊசி போடாதவர் போட்டவரைக் காட்டிலும் மிகுதியாக நோயைப் பரப்புவார் என்பதற்குச் சான்று முன்வைக்கப்படவில்லை, பின்விளைவுச் செய்திகளை மக்கள் காண வெளியிடுக. நல்ல தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம். 254 குடும்பங்களின் கணக்கைப் போன்ற ஒன்று கையிலே இருந்தால் தடியை எடு. இல்லையேல் கீழே வை என்பதுதானே அதன் சாரம்! ஆனால் அதே ஆண்டு நவம்பரிலே ஒன்றிய அரசு, ஊசிக்குப் பின் மகளை இழந்த பெற்றோரின் வழக்கிலே என்ன கூறிற்று? ஊசி சட்டப்படி கட்டாயம் அல்ல, விரும்பி ஏற்றது, ஆகவே அரசு பொறுப்பேற்க இயலாது! கடைக்குப் போகக்கூடாது என்று தடுக்கும்போது அது கடமை. பிள்ளை இறந்தபின் அது விருப்பம்! இந்த இரண்டு நாக்கையும் கண்டவள், மூன்றாம் முறை கையை நீட்டத் தயங்கினால், அதை மூடநம்பிக்கை என்று எந்த அகராதியைப் பார்த்துச் சொல்வது?

வடசென்னை மக்களின் தயக்கத்துக்கு அம்மனைவிட அண்மையிலே வேறு காரணங்கள் இருக்கின்றன. 2023 டிசம்பரிலே வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திலே படர்ந்து, வலையையும் படகையும் வயிற்றுப்பாட்டையும் கறுப்பாக்கியது. அதே மாதம், உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, நள்ளிரவிலே மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சுத்திணற ஓடினர். புகையிலிருந்து காக்காதவர்கள் கிருமியிலிருந்து காக்க வருகிறோம் என்று ஊசியோடு வரும்போது, 'இன்றைக்கு மட்டும் என்ன இவ்வளவு அக்கறை?' என்று அவர்கள் பார்வை கேட்கிறது. 1992 அக்டோபரிலே சென்னையிலே தலைகாட்டிய புதுவகை வாந்திபேதிக் கிருமி ஒன்று, ஓ-139 என்று பெயர் பெற்றது. பழைய கிருமியைத் தாங்கிப் பழகியவர்களின் எதிர்ப்பாற்றல் அதன்முன் செல்லவில்லை. அதற்கு மருந்து ஊசியிலே இல்லை. சாக்கடை கலவாத குடிநீரிலே இருந்தது. குழாயைச் செப்பனிடுவது செலவு, ஊசி போடுவது சிக்கனம் என்று எண்ணும் ஆட்சி, ஊசியின் பெயரையும் சேர்த்தே கெடுக்கிறது.

2017 பிப்ரவரியிலே தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தமிழகத்திலே தொடங்கியபோது, செல்பேசி வழியே வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று, பெற்றோர் அஞ்சினர், குறித்த நாளுக்குள் முடியாமல் இயக்கம் நீட்டிக்கப்பட்டது. வதந்தி பரப்பியவர்களை வைதோம். அவர்கள் பரப்புமுன், உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம்மிலே எத்தனை பேர் படியேறினோம்? ஊசியைக் கண்மூடி நம்பு என்று சொல்வதும் நமக்கு ஆகாது. கண்மூடி நம்பப்படும் ஊசி, வேப்பிலைக்குப் பக்கத்திலே வைக்கப்பட்ட இன்னொரு வேப்பிலை.

தமிழ்நாட்டிலே தடுப்பூசி நாள் புதன்கிழமை. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: வரும் புதன்கிழமை உங்கள் தெருவுக்கு வரும் செவிலியரோடு இருவர் செல்லுங்கள். படிப்பகத்திலே அடித்த ஒரு தாள் கையிலே இருக்கட்டும். இந்த ஊசி எந்த நோய்க்கு. போடாவிட்டால் என்ன ஆகும். போட்டபின் காய்ச்சலும் வீக்கமும் எத்தனை நாள் இருக்கும். எந்தக் குறி கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு, எந்தக் கதவைத் தட்டுவது? முன்னவற்றுக்கு விடையை மருத்துவரிடம் கேட்டு நீங்களே எழுதிவிடலாம். கடைசிக் கேள்விக்குரிய விடையை மட்டும், புறப்படுமுன், மாநகராட்சி சுகாதார அதிகாரியிடம் எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள்.